கோலுக்கு எண்ணெய் வைக்கும் நாள்

அந்த நாற்காலி வேண்டாம் கண்ணு, அதற்கு ஒரு கால் ஆடும். இப்படி ஜன்னல் பக்கம் வந்து உட்கார். தண்ணீர் குடி. சேலத்திலிருந்து பஸ்ஸிலா வந்தாய்? உன் அப்பன் ஆயுசு முழுக்க ரயில்வேயில் இருந்தான், மகள் பஸ்ஸில் வருகிறாள். நல்ல கூத்து.

முறைக்கு நீ எனக்கு மருமகள். என் தம்பி தயாளனின் ஒரே மகள். உனக்குத் தாரணி என்று பெயர் வைத்ததே எனக்கு ஊரார் சொல்லித்தான் தெரியும். இத்தனை வயதுக்கு இன்றைக்குத்தான் இந்த வீட்டு வாசற்படி ஏறியிருக்கிறாய். ஏறி மூச்சு வாங்குவதற்குள் கேட்டாய் பார்: "அத்தை, அப்பாவோட ஸ்டிக் உங்ககிட்ட இருக்குன்னு அம்மா சொன்னாங்க. அதை நான் எடுத்துக்கட்டுங்களா?" நன்றாக இருக்கிறீர்களா என்றும் கேட்டாய், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது இரண்டாவதாக வந்தது. கோபம் இல்லை. டீச்சராக இருந்தவள், எது முன்னால் வருகிறது எது பின்னால் வருகிறது என்று பார்த்தே பழகிவிட்டது.

தரமாட்டேன் என்று சொல்லவில்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை. எதைக் கேட்கிறாய் என்று முதலில் உனக்குத் தெரிய வேண்டும். தயாளன் செத்துப்போனான் என்றுதானே உன்னிடம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? செத்துப்போனது வாஸ்தவம். ஆனால் போகவில்லை. இந்த வீட்டில்தான் இருக்கிறான். கோல் இங்கே இருப்பதால் இருக்கிறான். கோல் போனால் அவனும் போய்விடுவான். அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்.

சிரிக்காதே. சிரிக்கவில்லையா? சரி, உன் வாய்வாகு அப்படி. அவனுக்கும் அப்படித்தான். அழும்போதுகூடச் சிரிக்கிற மாதிரியே இருக்கும்.

இரு, எடுத்து வருகிறேன்.

பார். உறை என் நெகமம் சேலையில் தைத்தது. ஆணியில் தொங்கவிட்டுத்தான் வைத்திருக்கிறேன், சுவரில் சாய்த்து வைத்ததே கிடையாது. சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். அதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த ஊர்க் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும். ஆடி மாதம் முழுக்க ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்பேன். எனக்கு மூச்சு முட்டினாலும் பரவாயில்லை, கோலுக்கு ஈரம் ஆகாது.

இன்னும் உறையைக் கழற்றவில்லை, பொறு. சொல்லிவிட்டுக் காட்டுகிறேன்.

இது வின்சென்ட் டிரைவருடைய கோல். ஆங்கிலோ இந்தியர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்று, வெளிநாட்டில் பெர்த் என்ற ஊருக்குக் குடிபோகும்போது, இன்ஸ்டிட்யூட்டில் அத்தனை பேர் இருக்க, இவனிடம் கொண்டுவந்து கொடுத்தார். ரயில்வே இன்ஸ்டிட்யூட் தெரியுமல்லவா, மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கட்டடம். அங்கே பச்சைத் துணி விரித்த பெரிய பில்லியர்ட்ஸ் மேஜை இருந்தது, கோலால் பந்தைத் தள்ளி ஆடுவார்கள். இதோ, நீ உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் வின்சென்ட் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"தயாள், இது மரம் மேன். ஆனா உசிர் இருக்கு. வெயில்ல வெக்காதே, ஈரத்துல வெக்காதே. ஆட்டம் முடிஞ்சா காஞ்ச துணியில தொடை. வருஷத்துக்கு ஒரு வாட்டி ஆளிவெதை எண்ணெய், ரெண்டு சொட்டு, துணியில தொட்டுத் தடவி உடனே தொடைச்சு எடுத்துடு. மீதி நாளெல்லாம் சும்மா உடு. அப்பப்ப தரையில உருட்டிப் பாரு. சத்தமில்லாம ஓடுச்சின்னா நேரா இருக்குன்னு அர்த்தம். நொண்டுச்சின்னா போச்சு, வெறகுதான்."

நான் சமையலறை நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. வருஷத்துக்கு இரண்டு சொட்டாம்! பிள்ளை குட்டி இல்லாத மனிதர், வளர்க்கிற கை எப்படியிருக்கும் என்று அவருக்கு என்ன தெரியும். எங்கள் அம்மா போனபோது தயாளன் தவழ்கிற குழந்தை. இடுப்பில் தூக்கிச் சுமந்து, மூக்கைத் துடைத்து, படிக்க வைத்து, ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு அனுப்பியது வரை இந்தக் கைதான். நான் கல்யாணம் என்று யோசிக்கவே இல்லை. அவன் கேட்டானா என்றால், கேட்கவில்லை. கேட்டுத்தான் செய்ய வேண்டுமா?

ஒரே ஒரு தடவை அவன் விளையாடிப் பார்த்திருக்கிறேன். குடை கொண்டுபோனேன். இன்ஸ்டிட்யூட் ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேஜைமேல் குனிந்து நிற்கிறான். தாடை கோலின்மேல் படுகிற மாதிரி. இடது கை விரல்கள் மேஜையில் பாலம் மாதிரி வளைந்திருக்க, அதன் நடுவே கோல் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. மூச்சு விடுகிற மாதிரி. அப்படியொரு முகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து நான் துடைத்துவிட்ட முகம்தான். ஆனால் அந்த முகத்தில் நான் எங்கேயுமே இல்லை.

குடையைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். நனைந்துகொண்டுதான் வந்தான். சளி பிடித்தது.

அதற்குப் பிறகு கோலை வீட்டில் கொண்டுவந்து வை என்று சொன்னேன். இன்ஸ்டிட்யூட்டில் நாலு பேர் கை படும், யாராவது எடுத்து ஆடிவிட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவான். நல்லதுக்குத்தான் சொன்னேன். அவனும் கொண்டுவந்தான். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துதான் கோலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வந்தால் நான் சூடாக ஏதாவது போட்டு வைத்திருப்பேன். அவன் சாப்பிட்டுக் கை கழுவி அங்கே போய்ச் சேர்வதற்குள் மேஜையில் வேறு யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வந்துவிடுவான். நானா போகாதே என்றேன்? சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன், அவ்வளவுதான்.

உன் அம்மாவைப் பெண் பார்த்ததும் நான்தான். வத்சலா. நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது. குரல்தான் கொஞ்சம் கனம். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் இன்ஸ்டிட்யூட்டுக்கு அழைத்துக்கொண்டு போவான். காலையில் அங்கே ஆள் இருக்காது. அவளுக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தானாம். எதிர்வீட்டுப் பாப்பாத்தி பார்த்துவிட்டு வந்து என்னிடம், "ஏனுங் டீச்சர், உங்க வூட்டு மருமவ மேசை மேல கவுந்து எலி புடிக்கறாளாட்ட இருக்குதுங்" என்றாள். எனக்கு எப்படி இருக்கும்? அவளைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "சேலை கட்டுனவ குனிஞ்சா பின்னால நிக்கறவனுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சுக்கோ." அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. நானா போகாதே என்றேன்?

என்ன சொன்னாய்? உனக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதானா?

சாப்பாட்டு மேஜையிலா? ஒட்டடைக் குச்சியை வெட்டி... எலுமிச்சம்பழத்தை வைத்தா? எலுமிச்சம்பழம் நேராக உருளாதே கண்ணு. ஓ. நேராக உருளாததைக் குறிபார்க்கப் பழகினால் உருண்டையானது சுலபமா. உன் அம்மாவா அப்படிச் சொன்னாள்? அது தயாளன் சொல்கிற மாதிரி இருக்கிறது.

சரி. விடு.

ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அவளைச் சேலத்துக்கு அனுப்பினேன். என் கையால் கட்டுச்சோறு கட்டி அனுப்பினேன். நீ பிறந்தாய். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்கள் பக்கம் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். எங்கள் வழக்கம், பெண் வீட்டார் பிள்ளையையும் தாயையும் தொட்டிலோடு கொண்டுவந்து விட வேண்டும். உங்கள் பக்கத்து வழக்கம், மாப்பிள்ளை வீட்டார் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமாம். அவர்கள் நாங்கள் வருவோம் என்று பார்த்தார்கள். நாங்கள் அவர்கள் வருவார்கள் என்று பார்த்தோம்.

தயாளன் பையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டான். "நான் போய்ட்டு வந்தர்றேன்க்கா. பாப்பாவப் பாத்துட்டு வந்தர்றேன்."

"மொதல்லயே நீ போய் நின்னீன்னா, கடைசி வரைக்கும் நீதான் போய் நிக்கோணும். பொறு. தானா வருவாங்க" என்றேன்.

பையை உள்ளே கொண்டுபோய் வைத்தான். பிறகும் சில தடவை எடுத்தான், வைத்தான். போக வேண்டும் என்றால் போயிருக்கலாமே? கையில் ரயில்வே பாஸ் இருந்தது. ஸ்டேஷன் கூப்பிடு தூரம். நான் என்ன கதவைப் பூட்டியா வைத்தேன்? என் சொல்லுக்கு அவனிடம் அவ்வளவு மரியாதை. அந்த மாதிரித் தம்பி யாருக்கு வாய்க்கும்.

விளையாடப் போவதையும் விட்டுவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் இந்த அறையில் உட்கார்ந்து கோலைத் தரையில் உருட்டுவான். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. சத்தமே வராது. எண்ணெய்த் துளி வழுக்கிப் போகிற மாதிரி போகும். எழுந்துபோய் எடுத்து, அங்கிருந்து இங்கே உருட்டுவான். நான் படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். வீடு நிம்மதியாக இருந்த காலம் அதுதான்.

அவன் போனதும் சனிக்கிழமைதான். இந்த அறையில் பலகை போட்டு உட்கார வைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய ஆளானாலும் சனிக்கிழமை எண்ணெய் என் கையால்தான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "போதும்க்கா. விட்ருங்க்கா." பாவம், என் கை வலிக்குமே என்று சொன்னான். இன்னும் கொஞ்சம் ஊறட்டும் என்று சொல்லிவிட்டு வெந்நீர் காய்ந்ததா என்று பார்க்கப் போனேன். எண்ணெய் போக்க அரப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு வந்தால், சுவரில் சாய்ந்திருக்கிறான். நெஞ்சுவலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணெய்த் தலையோடு போய்விட்டான், தாரணி. தண்ணீர் ஊற்றி முடிக்கவில்லை. ஒரு காரியம் பாதியில் நின்றுவிட்டது.

உன் அம்மா வந்தாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வேம்படியில் நின்றாள். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை என்பது அவளுடைய குறை. அந்தக் கூட்டத்தில் யார் யாரைக் கூப்பிடுவது?

அடுத்த சனிக்கிழமை எனக்குக் கை ஓடவில்லை. எண்ணெயைக் காய்ச்சிவிட்டேன், பழக்கம், யாருக்கு வைப்பது? கோல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து மடியில் கிடத்தினேன்.

அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமை தவறியதில்லை. நல்லெண்ணெயில் நாலு மிளகு தட்டிப்போட்டு, கை பொறுக்கிற சூடு. அடியில் கருங்காலிக் கட்டையிலிருந்து ஆரம்பித்து நுனிப் பூண் வரைக்கும் உருவி உருவித் தேய்ப்பேன். கொஞ்ச நேரம் ஊற வைப்பேன். அப்புறம் அரப்புத் தூளைத் தூவித் துடைத்து, சாம்பிராணிப் புகை காட்டி, உறை போட்டு மாட்டிவிடுவேன். பாப்பாத்திகூடக் கேலி பண்ணுவாள். "ஏனுங் டீச்சர், தடிக்குத் தண்ணி வாத்தாச்சுங்களா? சோறு போட்டீங்களா?" பண்ணட்டும். அவள் வீட்டில் மூன்று மகன்கள், ஒருவனாவது சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்கிறானா?

அப்படிச் செய்ய ஆரம்பித்துச் சில மாதம் இருக்கும், ஒரு மத்தியானம். பாலக்காடு பாசஞ்சர் போய் ஓய்ந்த நேரம். நான் உள்ளே படுத்திருக்கிறேன். இந்த அறையில் கோல் உருளுகிற சத்தம்.

பயமா? எனக்கு எதற்குப் பயம், என் தம்பிதானே. ஆனால் முன்னே சத்தமே இருக்காது, இப்போது சத்தத்தோடு உருண்டது. டொக்... டொக்... டொக். யாரோ ஒற்றைக் காலை ஊன்றி ஊன்றி நடக்கிற மாதிரி. சுவர் வரைக்கும் போய் நின்றது. பிறகு ஒரு பெருமூச்சு. நான் எழுந்து வந்து பார்த்தால் கோல் உறையோடு ஆணியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எழுந்து வருவதில்லை. படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை தவறாமல் வருகிறான். கோலை நன்றாக வைத்திருக்கிறேனா என்று உருட்டிப் பார்க்கிறான். திருப்தியாகப் பெருமூச்சு விடுகிறான்.

இப்போது சொல். அதை எடுத்துக்கட்டுங்களா என்று இவ்வளவு சுலபமாகக் கேட்கலாமா?

இந்தா, பிடி. உறையைக் கழற்று. மெதுவாக.

என்ன முகத்தைச் சுளிக்கிறாய்? கனமாகத்தான் இருக்கும். இத்தனை வருஷம் ஊட்டி வளர்த்த உடம்பு. கறுத்திருக்கிறதா? முன்னே பால் மாதிரி வெளுப்பு, ஆமாம். இப்போது நம் நிறத்துக்கு வந்துவிட்டது. நுனியில் இருந்த தோல் கழன்று விழுந்துவிட்டது, பூண் கொஞ்சம் ஆடுகிறது, அது வயதுக்கு உள்ளதுதான், எனக்கும் பல் ஆடுகிறது.

அட, அவன் நிற்கிற மாதிரியே நிற்கிறாயே. இடது கையை மேஜைமேல்... அதேதான். அந்த விரல் வளைவு. ஏன் நிறுத்திவிட்டாய்? கோல் விரலில் ஓடவில்லையா? ஒட்டுகிறதா? கைக்குட்டை எதற்கு, எண்ணெய்தானே, கையிலேயே தேய்த்துக்கொள், நல்லது.

உருட்டிப் பார்க்கிறாயா? உருட்டு.

கேட்டாயா! கேட்டாயா தாரணி? டொக்... டொக்... டொக். இதுதான், இதே சத்தம்தான்! நான் பொய் சொன்னேனா?

நீ ஏன் அழுகிறாய்?

என்னது? சத்தமாகச் சொல்.

வளைந்துவிட்டதா. எண்ணெய் குடித்து ஊதிப்போய்விட்டதா. "இதுக்கு எண்ணெய் வைக்கக்கூடாதுங்க அத்தை." ம். சொல்வதற்கு எல்லோருக்கும் சுலபம். வின்சென்ட் சொன்னார், இப்போது நீ சொல்கிறாய். எண்ணெய் வைத்து எந்தப் பிள்ளையாவது கெட்டுப்போயிருக்கிறதா? தப்பாக இருந்தால் அவன் எனக்குச் சொல்லமாட்டானா? வாரம் தவறாமல் வருகிறவன் ஒரு தடவை சொல்லமாட்டானா?

சரி, வளைந்துவிட்டது என்றே வைத்துக்கொள். உனக்கு அப்புறம் எதற்கு இது? ஆட முடியாத கோல்.

ஆடுவதற்கு இல்லையா. அப்பா கை பட்ட பொருள் ஒன்றுகூட உங்கள் வீட்டில் இல்லையா. அப்படியா. அதை நான் யோசிக்கவில்லை. இங்கே எல்லாம் இருக்கிறது, அவன் பை இருக்கிறது, செருப்பு இருக்கிறது. பொருள் இருக்கிற வீட்டில் இருப்பவளுக்கு இல்லாத வீடு தெரியாது, வாஸ்தவம்தான். கொடுத்தால் சனிக்கிழமை எண்ணெய் வைப்பாயா? தலையை ஆட்டாதே, வாயால் சொல். சும்மா வைத்திருப்பாயா? வெறுமனே, சும்மாவா? பிறகு எப்படிக் கொடுப்பது, நீயே சொல்.

இப்படிச் செய்வோம். உறை போட்டு ஆணியில் மாட்டிவிடுகிறேன். இன்றைக்குச் சனிக்கிழமை. நீ வருவதற்கு முன்பே எண்ணெய் வைத்துத் துடைத்தாகிவிட்டது. பாசஞ்சர் போகிற நேரம்தான். உள் அறையில் என்னோடு வந்து உட்கார். பேசாதே. அவன் வந்து உருட்டுவதை உன் காதால் கேள். கேட்டுவிட்டு, அப்புறமும் எடுத்துக்கொண்டு போக உனக்கு மனசு வருமா என்று பார்ப்போம்.

வா.

ரயில் வருகிறது. டம்ளர் அதிர்கிறது பார். இவ்வளவு நீள ரயில், எப்போதும் இப்படித்தான், போய்க்கொண்டே இருக்கும். ம். போய்விட்டது.

இப்போது கேள்.

கொஞ்சம் பொறு. சில சனிக்கிழமை கொஞ்சம் தாமதமாக வருவான்.

மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். அதன் சத்தத்தில் கேட்காது.

உன் வளையலைப் பிடித்துக்கொள், சத்தம் போடுகிறது.

என்ன கண்ணு, எழுந்துவிட்டாய்? பஸ்ஸா. அடுத்த பஸ்ஸில் போகலாம். இன்னும் கொஞ்ச நேரம். அவன் வராமல் இருந்ததே இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்து தட்டுத்தடுமாறி எண்ணெய் வைத்த சனிக்கிழமைகூட வந்தான். ஒருவேளை வெளி ஆள் இருப்பதால் தயங்குகிறானோ. நீ வெளி ஆளா என்ன. நீ...

என்ன சொல்கிறாய்? "நீங்களே வச்சுக்குங்க அத்தை, எனக்கு வேண்டாம்." கோபத்தில் சொல்லவில்லையே? இல்லை. உன் குரலில் கோபம் இல்லை. என் கையைப் பிடித்துச் சொல்கிறாய். உன் கை குளிர்ந்திருக்கிறது. நல்ல பெண். புரிந்துகொண்டாய். நான் நினைத்தேன், தயாளனின் மகளுக்குப் புரியாமல் போகாது என்று. சரி, போய்வா. செருப்பைப் போட்டுக்கொள். குடை இருக்கிறதா? அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

வாசல் கேட்டின் தாழ்ப்பாளை மேலே தூக்கி இழு.

தாரணி.

நில்லு கண்ணு. அங்கேயே நில். ஒரு நிமிஷம்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன், வீட்டுக்குள் யாரும் இல்லை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆள் இருக்கிற அறை எனக்குத் தெரியும், ஆள் இல்லாத அறையும் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இந்த அறை இப்படி இருந்ததில்லை. கோல் ஆணியில்தான் தொங்குகிறது. எடுத்துப் பார்த்தேன், வெறும் மரம். கனமான, பிசுபிசுவென்ற மரம். அதில் யாரும் இல்லை.

அவன் உன் பின்னால் வருகிறான், இல்லையா? நீ உள்ளே நுழைந்ததுமே உன் பக்கம் போய் நின்றுவிட்டான். அதனால்தான் உருட்ட வரவில்லை. நீ உட்கார்ந்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். கையில் பை வைத்திருக்கிறானா? எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, நீ சொல்.

இந்தா. இதோ, உறையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிடி. வாங்கிக்கொள். எண்ணெய் வைக்க வேண்டாம். ஒன்றுமே வைக்க வேண்டாம். சும்மா வைத்துக்கொள், மூலையில் சாய்த்துக்கூட வைத்துக்கொள், உன் இஷ்டம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் அம்மாவையும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

கோலை எடுத்துக்கொள் கண்ணு. அவனை விட்டுவிட்டுப் போ.